மறியலில் கிடைத்த பேருந்து

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பேருந்து கேட்பதற்கென்று ஒரு வழமையான முறை உண்டு. முதலில் மனு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுப்பது. அடுத்து கிராமசபைத் தீர்மானம். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று கூட்டம் வரும்போதெல்லாம் ‘எங்கள் ஊருக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு பஸ்’ என்ற வரி ஏட்டில் ஏறும். இரண்டுக்கும் அசைவில்லை என்றால், ஒருநாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையோடு சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார்கள். இருபக்கமும் வண்டிகள் நிற்கும். காவல் ஆய்வாளர் வருவார், பிறகு வட்டாட்சியர், கடைசியாகப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர். அடுத்த வாரத்துக்குள் விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கப்படும், கூட்டம் கலையும்.

பல இடங்களில் பஸ் வரவும் செய்கிறது. முகப்பில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, முதல் நடையில் ஊரே ஏறிப் போய்வருகிறது. சில மாதம் கழித்து ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஒரு நடை குறையும். வண்டி பழுது என்று இன்னொன்று நிற்கும். வசூல் இல்லை என்ற காரணம் கடைசியில் வரும். வந்த நாளைச் செய்தியாக்கிய நாளிதழ், நின்ற நாளைச் செய்தியாக்குவதில்லை. ஊரும் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை. மறுபடி மனுவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மறியலைக் குறைசொல்வது எளிது, ஆனால் நான் அதைச் செய்யத் தயாராக இல்லை. வண்டியில் மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக முடியாமல் தவிப்பவரின் கோபம் நியாயமானது. ஆனாலும் வேறு எந்த வழியிலும் அதிகாரியின் கண்ணில் படாத ஒரு ஊர், அரைநாளில் மூன்று துறைகளை ஒரே இடத்தில் வரவழைத்துவிடுகிறது. மனு எழுதத் தெரியாதவரும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று அறியாதவரும், ஓட்டுரிமை வயது வராத பிள்ளையும் பங்கெடுக்க முடிகிற ஒரே அரசியல் வடிவம் அது. படிக்கட்டில் தொங்கிப் போகிற பையனின் ஆபத்தை அந்தப் பையனே நடுச்சாலையில் உட்கார்ந்து சொல்வதற்கு ஒரு வலிமை இருக்கிறது. எந்தத் தன்னார்வ அமைப்பின் அறிக்கைக்கும் அது வாராது.

மறியலின் பலவீனம் அதன் முடிவில்தான் இருக்கிறது. அங்கே கிடைக்கும் வாக்கு வாய்மொழியானது. எந்தத் தடம், நாளைக்கு எத்தனை நடை, எத்தனை மணிக்கு, எவ்வளவு காலத்துக்கு, ஓடாவிட்டால் யாரைக் கேட்பது என்பதில் ஒன்றுகூட எழுத்தில் வருவதில்லை. வாக்குக் கொடுத்த கிளை மேலாளர் மாற்றலாகிப் போனால் வாக்கும் அவரோடு போய்விடுகிறது.

எண்ணை எழுத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பாலத்தில் காற்றுமானி வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலை நிறுத்து என்று விதித்த கட்டுப்பாடு. நிலைய அதிகாரி யாராக இருந்தாலும், பயணி எவ்வளவு அவசரப்பட்டாலும், அந்த எண் மாறாது. ஒரு துயரத்திலிருந்து பெற்ற பாடம் யாருடைய நினைவையும் நம்பியிராமல் விதியாக நின்றது.

கடல் தாண்டி இன்னொரு சான்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பேருந்துப் பயணிகள் சங்கம் ஒன்று 1994-ல் போக்குவரத்து ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் ஏழைகள் ஏறும் பஸ் நெரிசலில் கிடக்கிறது என்பது அவர்கள் வாதம். 1996-ல் நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் ‘நெரிசலைக் குறைப்போம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் சராசரியாக 15 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, சில ஆண்டில் 11, 2002-க்குள் 8 என்று படிப்படியாக இலக்குகளும் கெடுவும் எழுதிக்கொண்டார்கள். சங்கத்து ஆட்கள் பஸ்ஸில் ஏறி நிற்பவர்களை எண்ணினார்கள். பத்து ஆண்டு அந்த ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. நம் ஊர் மறியலில் இருக்கும் துணிச்சல் அங்கே இருந்ததைவிடக் குறைவில்லை. எண்ணி எழுதிவைக்கும் அந்தப் பழக்கம்தான் இங்கே வரவில்லை.

அடுத்தது, யாருடைய தேவை கோரிக்கையாகிறது என்பது. கேட்கப்படுவது பெரும்பாலும் காலை எட்டு மணிப் பள்ளி பஸ்ஸும் மாலைத் திரும்பும் பஸ்ஸும்தான். அவை வேண்டியவையே. ஆனால் பாம்பன் நிறுத்தத்தில் வெளுக்கும் முன்னே போய் நின்று பாருங்கள். அலுமினிய அன்னக்கூடைக்குள் பாலித்தீன் தாளை இரண்டாக மடித்து விரித்து, மீனும் உடைத்த ஐஸும் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, ஒரு சொட்டு கீழே விழாதபடி வாயை இறுகக் கட்டிய பெண்கள் நிற்பார்கள். இத்தனையும் நடத்துநர் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக. பஸ் நிறுத்தம் தாண்டிப் போய் நின்றால் கூடையோடு ஓட வேண்டும். நிற்காமலே போனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியை வாடகைக்குப் பேச வேண்டும். அன்றைய லாபத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டபோது, முதலமைச்சரே கண்டித்தார். பணியாளர்கள் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அவமானம் நாடறிந்தது. கண்டனத்தோடும் தண்டனையோடும் நின்றுவிட்டதால், மீன்கூடைக்கு வண்டியில் இடம் எங்கே என்ற சாதாரணக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரையேறும். அப்படியானால் மீன் சுமக்கும் பெண்களுக்குப் பஸ் அதிகம் தேவைப்படுவது செவ்வாய், வியாழன், ஞாயிறு அதிகாலையில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் இந்தத் தேவை குறையும். இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே தெரிகிற ஒரு பயணத் தேவைக்குப் பொருந்துகிற நேரப்பட்டியலைக் கேட்டு ஒரு தீர்மானம் வந்து நான் பார்த்ததில்லை. மறியலில் முன்வரிசையில் உட்காருபவர்கள் பெண்கள். கிளை மேலாளரோடு பேசப் போவது ஊர்த் தலைவரும் கட்சிக்காரரும். இந்த இடைவெளியில்தான் அதிகாலை பஸ் காணாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது நல்ல திட்டம். கணவனிடம் கை நீட்டாமல் வெளியே போய்வரும் துணிவை எத்தனையோ பேருக்குக் கொடுத்தது. ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு உரியது. ராமேசுவரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர்; அந்தத் தடத்தில் ஓடுபவை பெரும்பாலும் புறநகர் வண்டிகள். நகரத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகை, ராமேசுவரம் தீவிலிருந்து சந்தைக்குப் போகும் பெண்ணுக்கு அதே அளவில் எட்டவில்லை. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டம், பஸ் போகாத சாலைகளுக்கு 25 கிலோமீட்டர் வரை தடம் தருகிறது. அது தனியார் வண்டி, டிக்கெட் எடுத்தாக வேண்டும். 1997-ல் வந்த மினி பஸ்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: கூட்டம் இருக்கும் சாலைப் பக்கம் வண்டி மெல்லச் சாய்ந்துவிடும், கடைக்கோடி ஊர் மறுபடி தனியாக நிற்கும். தடம் மாறாமல் ஓடுகிறதா என்று பார்க்க ஊரில் ஆள் இல்லாவிட்டால் இம்முறையும் அதுதான் நடக்கும்.

பெரிய திட்டங்கள் இந்தச் சிறிய கோரிக்கைகளை விழுங்குவதையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 டிசம்பர் 23 அன்று பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டு ரயில் தீவுக்கு வரவில்லை. வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றையே நம்பினார்கள். அந்தக் காலம் முழுக்க நாம் கேட்ட கேள்வி, பாலம் எப்போது திறக்கும் என்பதே. இடைக்காலத்தில் தங்கச்சிமடத்துக்காரருக்கும் பாம்பன்காரருக்கும் கூடுதல் பஸ் எத்தனை என்பதை அதே குரலில் கேட்கவில்லை.

பாதுகாப்பிலும் அப்படித்தான். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தை ஆய்வு செய்து, ரயில் ஓட அனுமதியும் கொடுத்து, வடிவமைப்பு நடைமுறை பற்றியும் துருப்பிடிப்பு பற்றியும் கடுமையான குறைகளை எழுதினார். வேகம் 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று வரம்பு வைத்தார். சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் வடிவமைப்பைச் சரிபார்த்தன என்று ரயில்வே பதில் சொன்னது. ஆய்வுக்கு ஒரு குழுவும் அமைந்தது. இதில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தொழில்நுட்ப அறிவு எனக்கில்லை. ஆனால் 1964-ஐப் பார்த்த ஒரு ஊர், அந்த அறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்கிக் கிராமசபையில் படித்திருக்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று படகோட்டியைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மீட்டர் கேஜ் காலத்தில் பாலக்காடு, கோவைப் பக்கம் நேராக ஓடிய ரயில்களைத் திரும்பக் கேட்கும் குரல், 2007-ல் அகல ரயில் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடிக்குப் புது ரயில் பாதைக்கு அடிக்கல் மட்டும் 2019 மார்ச்சில் விழுந்தது. குடியிருப்புக்குத் தகுதியில்லை என்று 1964-க்குப் பின் அரசு அறிவித்த இடம் அது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது முன்னே போய்விடுகிறது.

போக்குவரத்தோடு சேர்ந்த தூய்மையைப் பற்றிய பேச்சு இந்தக் கரையில் இன்னும் முளைவிடும் நிலையில்தான் இருக்கிறது. மீன் லாரியிலிருந்து வடியும் ஐஸ்நீர் சாலையை வழுக்கலாக்கி இருசக்கர வண்டிக்காரரைக் கீழே தள்ளுகிறது. நாற்றத்தைப் பற்றித்தான் புகார் வருகிறதே தவிர, அது ஒரு விபத்துக் காரணம் என்று யாரும் மனு எழுதுவதில்லை. சாலைப் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்களால் ஆம்புலன்ஸ் நிற்கிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் மணல் முனைக்குக் கார்களின் வரிசைதான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வண்டியில் வருவதைவிட, அடிக்கடி ஓடும் நல்ல பஸ்கள் புகையையும் நெரிசலையும் சேர்ந்தே குறைக்கும். கடலோரத்துக்கு மின்சாரப் பேருந்து கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான தடம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் தூய்மை கேட்பவர்கள் ஒரு பக்கம், பஸ் கேட்பவர்கள் இன்னொரு பக்கம் என்று நிற்கிறார்கள்.

மறியலை விடச் சொல்லவில்லை. சாலையிலிருந்து எழும்முன் ஒரு தாள் கேளுங்கள் என்கிறேன். அதில் தட எண், நேரம், நடைகள், கையெழுத்து, தேதி இருக்கட்டும். அந்தத் தாளின் படி நிறுத்தத்துப் பெட்டிக்கடைச் சுவரில் ஒட்டப்படட்டும். பஸ் வந்த நேரத்தையும் வராத நாளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போதும். ஓடாத நடைகளுக்குக் கிளையிலும் கணக்கு உண்டு. 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் தந்தாக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வசூல் இல்லாததால் பஸ் நின்றதா, பஸ் ஒழுங்காக வராததால் வசூல் நின்றதா என்பது தெரிந்துவிடும். கலெக்டர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன் இந்த நோட்டு போனால், அதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம். இந்த வேலை அலுப்பானது, படம் பிடிக்க ஒன்றுமில்லாதது, எந்தக் கட்சிக்கும் மேடை தராதது. இதனால்தான் இதுவரை நடக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

இப்படி எழுத்தில் கேட்டு வாங்க இப்போதே ஒரு வாய்ப்பு இருக்கிறது. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக்க, 1,853 கோடி ரூபாயில் 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நான்குவழிச் சாலை வந்த ஊர்களில் பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் போய், பள்ளிப் பிள்ளைகள் தடுப்புச்சுவர் ஏறிக் குதித்துச் சாலை கடப்பதைப் பார்த்திருக்கிறோம். சர்வீஸ் ரோடு எந்த ஊரில், சுரங்கப்பாதை எங்கே, நிழற்குடையோடு பஸ் ஒதுங்கும் இடம் எங்கே, மீன் லாரி நீரிறக்க இடம் உண்டா என்பதெல்லாம் வரைபடம் முடியும்முன் கேட்க வேண்டியவை. சாலை போட்டு முடித்தபின் கேட்டால் மறியல் ஒன்றுதான் மிஞ்சும். அடுத்த கிராமசபைக்கு அந்த வழியிலுள்ள ஒவ்வொரு ஊரும் திட்ட வரைபடத்தை வாங்கி வந்து, தன் நிறுத்தம் இருக்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும்.