ஈஸ்வரியின் கணக்கு

‘உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு’ என்று மகளிர் குழுப் பயிற்சிகளில் சொல்லும்போதெல்லாம் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நினைவுக்கு வருகிறது. தேனி மலையடிவாரத்துச் சுமைகூலி ரங்கசாமிக்குப் பொறுப்பில் என்ன குறை? துண்டு நிலத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறான். ஏலக்காய் மூட்டை சரிந்து பள்ளத்தில் சிதறுகிறது. நிலம் வாய்த்த பிறகும் விதையும் உரமும் கடனாகத்தான் வருகின்றன. முடிவில், தன்னுடையதாய் இருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவலாளி. உழைத்தால் போதும் என்ற பேச்சை இவ்வளவு நிதானமாக மறுத்த வேறு தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல். அவன் சிறைக்குப் போனபின் பிள்ளையையும் கடனையும் சுமந்தவள் ஈஸ்வரி. அந்த ஆண்டுகளைப் படம் விரைந்து கடக்கிறது. மலையேறும் ஆணின் மூச்சிரைப்புக்கு அத்தனை பொறுமையாகக் காத்திருந்த கேமரா, அவள் யாரிடம் தவணை கேட்டு நின்றாள், எதை அடகு வைத்தாள் என்று பார்க்கவில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் அந்தக் கணக்கை அறிவார்கள். காய்க்கான விலையிலோ கூலியிலோ அவர்கள் சொல் எடுபடாது. வாரத் தவணைக்கு மட்டும் அவர்களே பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் குழு முழுவதும் பொறுப்பு.