பின்னால் வருபவனுக்கே பந்து

தெலுங்கு சினிமா விளையாட்டுக் களத்தில் இறங்கினால் முதலில் தேடுவது தனியாளைத்தான். 'ஒக்கடு' (2003) படத்தில் மகேஷ் பாபு கபடி வீரர். அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். ஆனால் கோட்டைத் தாண்டி ரெய்டு போகிறவன் ஒருவன். முப்பது நொடி அவன் மூச்சும் அவன் 'கூத'வும்தான் ஆட்டம். (பாடிப் போவதைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்கிறார்கள்.) நாயகனுக்கு இதைவிடத் தோதான களம் அமையுமா? படத்தின் பெயருக்கே 'ஒருவன்' என்றுதான் அர்த்தம். அதுதான் 2004இல் 'கில்லி'யாக இங்கே வந்தது. 'தம்முடு' (1999) கிக் பாக்ஸிங். அதைத் தமிழில் 'பத்ரி'யாக எடுத்தபோதும் வளையத்துக்குள் இருவருக்கு மேல் இடமில்லை. 'ஜெர்சி' (2019) நல்ல படம், எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் கிரீஸில் மட்டையோடு நிற்கும் நானியைச் சுற்றித்தான் மொத்தக் கதையும்.

இந்தப் படங்களில் நண்பர்கள் இல்லாமல் இல்லை. கேலரியில் விசில் அடிப்பார்கள், வண்டி ஓட்டுவார்கள், அடி வாங்குவார்கள். கபடியில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவன், கூட்டாளி ஒரு புள்ளி எடுத்தால்தான் மறுபடி உள்ளே வர முடியும். நட்பைப் பற்றி எழுதக் கிடைக்கும் அருமையான விதி அது. கேமரா ஏனோ அந்த வரிசைப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

அதனால்தான் ராஜமௌலியின் மூன்றாவது படமான 'ஸை' (2004) என் கணக்கில் தனி. தலைப்பை 'சவாலுக்குத் தயார்' என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கல்லூரியில் எப்போதும் முட்டிக்கொள்ளும் இரண்டு கோஷ்டிகள். ஒன்றுக்கு நிதின் தலைவன், இன்னொன்றுக்கு சஷாங்க். கல்லூரி நிலத்தைப் பிடுங்க வரும் தாதா பிக்ஷு யாதவாக பிரதீப் ராவத். மறுவருடம் 'கஜினி'யில் நம்மை மிரட்டியவர். நிலம் யாருக்கு என்பதை ஒரு ரக்பி ஆட்டம் முடிவு செய்யும். பயிற்சியாளர், நம்ம நாசர்.

ஏன் ரக்பி? வன்முறைக்கு வசதி என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. ரக்பியில் பந்தைக் கையால் முன்னே வீசக் கூடாது. கையில் வைத்து ஓடலாம், காலால் உதைக்கலாம். கொடுப்பதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோதான். எதிரே மலை மாதிரி ஒருவன் வருகிறான், கண் அவன் மேல் இருக்கிறது, பந்து போக வேண்டிய இடமோ முதுகுக்குப் பின்னால். அங்கே ஒருவன் ஓடி வந்துகொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் கையை விட வேண்டும். நேற்று வரை உன் சட்டையைக் கிழித்தவன் அங்கே வருகிறான் என்றால்? அந்த ஒரு பாஸுக்குள் இரண்டு கோஷ்டிகளின் கதையும் அடங்கிவிடுகிறது. வசனமே தேவையில்லை. நிதின் அப்போது வளர்ந்துவரும் நடிகர், பெரிய நட்சத்திரம் இல்லை. அதனால் பந்தைப் பகிர்வதில் யாருக்கும் கௌரவப் பிரச்சினை வரவில்லை என்பது என் யூகம்.

விளையாட்டாகப் பார்த்தால் படத்தில் ஓட்டைகள் நிறைய. அந்தக் குத்துக்கும் உதைக்கும் நிஜ ஆட்டத்தில் சிவப்பு அட்டை மழையாகப் பொழிந்திருக்கும். இருபக்கமும் எட்டெட்டு பேர் தோள் கோத்து முட்டும் ஸ்கிரம், முதல் வரிசைக்காரன் கழுத்துக்கே ஆபத்தான வேலை. சில வாரப் பயிற்சியில் வராது. ஆனால் செந்தில் குமாரின் கேமரா ஓடுகிறவர்களோடு சேர்ந்து ஓடுவதால் தியேட்டரில் இதெல்லாம் உறைக்காது. எங்களுக்கு உறைக்கவில்லை.

நான் அப்போது ஹைதராபாத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தெலுங்கு கற்றதே ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ் தியேட்டர்களில், பக்கத்து சீட்டு நண்பன் காதோரம் சொன்ன விளக்கங்களில். 'ஸை' பார்த்த மறு ஞாயிறே விடுதி மைதானத்தில் மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே அணியாக, சீனியர்களுக்கு எதிராக இறங்கினோம். இரண்டு பிரிவுக்கும் குளியலறைத் தண்ணீர் விஷயத்தில் பல மாதப் பகை. ரக்பி பந்துக்கு எங்கே போவது? பழைய கால்பந்தில் பாதிக் காற்றை இறக்கி, இரு பக்கமும் அமுக்கி, செருப்புப் பையின் கயிற்றால் கட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் பலாக்கொட்டை மாதிரி இருந்தது.

கிரிக்கெட் ஆடிப் பழகிய கை முன்னால்தான் வீசும். பந்து கைக்கு வந்தவனெல்லாம் முன்னே எறிந்தான். ஒவ்வொரு முறையும் மைதானமே "வெனக்கி ரா, வெனக்கி!" என்று கத்தும். பின்னால், பின்னால். அந்த மாலையில் நான் கற்ற தெலுங்கு அந்த ஒரு சொல்தான்.

என் அறைத்தோழன் நெல்லூர்க்காரன், கண்ணாடி போடாவிட்டால் கரும்பலகையே தெரியாது. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஆடினான். ஒருமுறை பந்தோடு விழுந்தவன் மேல் நான்கு சீனியர்கள் விழுந்தார்கள். விழுந்தவன் பந்தை உடனே விட்டுவிட வேண்டும், விதி அது. கூட இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். "வதுலுரா மாமா!" என்று கத்துகிறோம், அவன் குழந்தையைப் போல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடக்கிறான். அப்புறம் கேட்டதற்கு, "உட்டா யாருடா எடுப்பீங்க? ஒருத்தன் கால்கூட எனக்குத் தெரியல" என்றான், என்னிடம் கற்ற தமிழில்.

கடைசியில் விட்டான். எடுத்தவன் மெக்கானிக்கல்காரன், தண்ணீர்ச் சண்டையில் இவன் பக்கெட்டை உடைத்தவன். எடுத்த வேகத்தில் ஓடினான் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! ஒரு சீனியர்கூடத் தடுக்கவில்லை. ஏனென்றால் அவன் ஓடியது எங்கள் கோட்டை நோக்கி.

இத்தனை வருடம் கழித்தும் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'வெனக்கி'. அட்மின் அவன்தான்.