சொல்லும் பகடையும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு, அதில் விமரிசகனுக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். ஆயினும், மனிதரின் செயல்களை விதிகளாக வகுக்கும் எந்த விளையாட்டும், வகுத்தவர் மனித உறவுகளை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதைக் காட்டிவிடுகின்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்களில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

இவ்வகையின் முன்னோடி, கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆகும். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஏனைய மாந்தர் அனைவருக்கும் நடத்துநர் ஒருவரே குரல் கொடுக்கின்றார். அங்கே வாள்வீச்சை முடிவுசெய்யப் பகடையை உருட்டினாற் போதும். எவரும் உண்மையில் வாள் ஏந்துவதில்லை. பேச்சோ அத்தகையதன்று. பாத்திரம் பேசும்போது ஆடுபவரும் உண்மையாகவே பேசலாம். எனவே, காவலன் ஒருவனை இணங்கச் செய்வது ஆடுபவரின் நாவன்மையா, பாத்திரத்திற்கு எழுதப்பட்ட எண்ணா என்ற வினா எழுகின்றது.

பேச்சே போதும் என்பர் ஒரு சாரார். மெலிந்த உடலினர் மல்லனாக ஆடலாம். கூச்சத்தால் திக்குபவர் தூதுவனாக ஆடலாகாது என்பதே இதன் பொருள். நயமாகப் பேசும் மாணவனையே அறிவாளியெனக் கொள்ளும் வகுப்பறை வழக்கத்தை ஆசிரியர்கள் அறிவர். நாவன்மையைப் பெருமளவுக்கு வீட்டின் வசதியும் வாய்ப்பும் வளர்க்கின்றன. அதற்கு மீண்டும் ஒரு பரிசு வழங்குவது நீதியாகாது.

பகடையே போதும் என்பர் மறுசாரார். அதே விளையாட்டின் திருத்திய மூன்றாம் பதிப்பு 2003இல் வெளிவந்தது. இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் இராசதந்திரத் திறனைக் கூட்டி 35 பெற்றால், பகைவன் நண்பனாவான். 50 பெற்றால், உதவ முன்வருவான். பொதுவாக ஒரு நிமிடப் பேச்சே இதற்குப் போதும். நிலத்தைப் பறிகொடுத்த குடியானவனுக்கும், கூலிக்கு வாயில் காக்கும் காவலனுக்கும் அட்டவணை ஒரே எண்ணையே வைத்திருக்கின்றது. சூழ்நிலை கருதி நடத்துநர் சிறிது கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், அவன் ஏன் பகைத்தான் என்று அட்டவணை கேட்பதில்லை. பகைமையின் காரணம் மறைந்து, பேசுபவனின் தனிக்கவர்ச்சியே அனைத்தையும் தீர்க்கின்றது. வரலாற்றை வீரபுருடரின் செயலாக மட்டும் காணும் பழைய பார்வையே இங்கு விதியாகியுள்ளது.

2010இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' இவ்விடத்தில் ஒரு படி முன்னேறியது. ஒருவனை இணங்கச் செய்ய முனைபவர், அவன் விரும்பும் அல்லது அஞ்சும் ஒன்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். இல்லையேல் பகடைக்கே இடமில்லை. இரு பகடைகளின் கூட்டுத்தொகை, பாத்திரத்தின் எண்ணும் சேர்ந்து, 10 அல்லது அதற்கு மேலாயின், கேட்பவன் ஒரு வாக்குறுதியைப் பெற்று இணங்குவான்; 7 முதல் 9 வரையாயின், கண்முன்னே உறுதியான பிணை கேட்பான். எதிரே இருப்பது இன்னொருவர் ஆடும் பாத்திரமாயின், இறுதி முடிவு அவருடையதே. கவர்ச்சி எண் இங்கும் கூட்டப்படுவதால் குறை முற்றாக நீங்கவில்லை. எனினும், இணக்கத்திற்கு ஒரு விலை உண்டு என்பதும், கேட்பவனுக்கும் ஒரு நலன் உண்டு என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன.

நடத்துநர் செய்யத்தக்கது இதுவே: சொல்லின் நயத்தை விடுத்து அதன் பொருளை நிறுத்துப் பார்த்தல். கேட்கப்படுவது யாது, கொடுக்கப்படுவது யாது, கேட்பவன் இழப்பது யாது? இவற்றை உடைந்த வாக்கியத்திற் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளவேண்டும். அவன் எதையும் இழக்காவிடின் பகடை வேண்டியதில்லை. வாழ்வையே இழப்பானாயின் எப்பகடையும் அவனை இணங்கச் செய்தல் ஆகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஐயத்திலேயே பகடைக்கு இடமுண்டு.

பசித்தவனின் பகைமையை இனிய மொழி தீர்க்கும் என்று விளையாட்டிலும் நாம் பழகிக்கொள்ளலாகாது.