பெயர் சுட்டாத் தடை: துருக்கியின் மொழிச் சட்டங்களும் குர்து மொழியும்

மொழித் திட்டமிடல் பற்றிய பாடநூல்களில் துருக்கி மொழிச் சீர்திருத்தத்திற்கு நிலையான ஓர் இடம் உண்டு. 1928ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிறைவேற்றப்பெற்ற 1353ஆம் எண் சட்டத்தால் அரபு வரிவடிவம் கைவிடப்பெற்று, 29 எழுத்துகள் கொண்ட உரோமன் நெடுங்கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1932இல் துருக்கி மொழிக் கழகம் நிறுவப்பெற்றது. அரபு, பாரசீகக் கடன்சொற்கள் பெருமளவில் களையப்பெற்றன. நம் பல்கலைக்கழக வகுப்புகளிலும் இது வெற்றிபெற்ற திட்டம் என்றே கற்பிக்கப்பெறுகிறது. கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் இதனை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. அதே நாட்டில், அதே சட்டங்களின் கீழ் வாழ்ந்த மற்றொரு மொழிக்கு நேர்ந்தது யாது என்னும் வினா அவ்வகுப்புகளில் எழுவது அரிது. சட்ட வாசகங்களையே பனுவல்களாகக் கொண்டு அவ்வினாவை எழுப்ப இக்கட்டுரை முயல்கிறது.

குர்து மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியப் பிரிவைச் சார்ந்தது. துருக்கி மொழி வேறு குடும்பத்தினது. இவ்விரண்டிற்கும் பிறப்புத் தொடர்பு இல்லை என்பதைத் தொடக்கநிலை மாணவரும் அறிவர். ஆயினும் துருக்கியில் பல பத்தாண்டுகள் குர்து மக்கள் 'மலைத் துருக்கியர்' எனப்பட்டனர். உறைபனியின்மீது நடக்குங்கால் எழும் 'கர்ட், குர்ட்' என்னும் ஓசையிலிருந்தே அவர்தம் பெயர் பிறந்தது என்றொரு சொற்பிறப்பு விளக்கமும் பரப்பப்பட்டது. தணிக்கைக்குச் சொற்பிறப்பியலும் ஏவல் செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் கடினம்.

1923ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கை முசுலிம் அல்லாதாரை மட்டுமே சிறுபான்மையினர் என ஏற்றது. குர்து மக்கள் அவ்வரையறைக்குள் அடங்கவில்லை. எனினும் அதன் 39ஆம் பிரிவு, துருக்கிக் குடிமக்கள் எவரும் தனி வாழ்விலும் வணிகத்திலும் சமயத்திலும் இதழ்களிலும் பொதுக்கூட்டங்களிலும் எம்மொழியையும் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தல் கூடாது என்கிறது. பின்வந்த சட்டங்கள் இப்பிரிவை நீக்கவில்லை. காணாததுபோல் கடந்து சென்றன.

அச்சட்டங்களுள் மொழியியலார் கூர்ந்து நோக்கத்தக்கது, இராணுவ ஆட்சியின் இறுதிக்கட்டமாகிய 1983 அக்டோபரில் பிறப்பிக்கப்பெற்ற 2932ஆம் எண் சட்டம். அதில் 'குர்து' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. துருக்கி அரசால் ஏற்கப்பெற்ற நாடுகளின் முதல் ஆட்சிமொழிகள் தவிர்ந்த ஏனைய எம்மொழியிலும் கருத்துகளை வெளியிடுவதும் பரப்புவதும் கூடாது என்று அதன் 2ஆம் பிரிவு விதித்தது. இதில் 'முதல்' என்னும் அடை வறிதே நிற்கவில்லை. ஈராக்கில் 1970க்குப் பின்னர்க் குர்து மொழி அரபுக்கு அடுத்த ஆட்சிமொழித் தகுதியைப் பெற்றிருந்தது. அவ்வழியை அடைப்பதற்கே இவ்வடை வேண்டப்பட்டது என்பர். ஒரு மொழியைப் பெயர் கூறாது விலக்குவதற்காக உலக மொழிகளுள் மிகப் பலவற்றை விலக்க நேர்ந்தது. சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் கொண்டால், அக்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் முதல் ஆட்சிமொழியாக இல்லாத, சிங்கப்பூரில் நான்கனுள் ஒன்றாக மட்டுமே இருந்த தமிழிலும் துருக்கியில் ஒரு துண்டறிக்கை வெளியிட்டிருத்தல் ஐயத்திற்குரியதே.

3ஆம் பிரிவு இன்னும் வியப்புக்குரியது. துருக்கிக் குடிமக்களின் தாய்மொழி துருக்கி மொழியாகும் என்பது அதன் முதல் வாக்கியம். இது ஏவல் வாக்கியம் அன்று, செய்தி வாக்கியம். செய்தி வாக்கியம் மெய்யோ பொய்யோ ஆதல் வேண்டும். தியார்பகிர் நகரின் ஒரு தெருவில் நின்று செவிமடுத்தால் இதன் உண்மை விளங்கிவிடும். ஆனால் அடுத்த வாக்கியமே துருக்கி மொழியல்லாத மொழிகளைத் தாய்மொழியாகப் பயன்படுத்தும், பரப்பும் செயல்கள் அனைத்தையும் தடை செய்கிறது. முதல் வாக்கியம் மெய்யாயின் இரண்டாவதற்குத் தேவை இல்லை. இரண்டாவது தேவைப்பட்டதாயின் முதலாவது பொய். முன்னது மறுப்பதைப் பின்னது முற்கோளாகக் கொண்டிருக்கும் இம்முரண், வரைவோரின் கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லாத ஒன்றைத் தண்டிக்க வேண்டிய நிலையிலிருந்த ஆட்சிக்கு வேறு வகையில் எழுதவும் இயலாது.

இனி, எழுத்து. 1932இல் திமிஷ்கு நகரிலிருந்து செலாதத் அலி பெதிர்கான் 'ஹாவார்' என்னும் இதழைத் தொடங்கி, குர்மாஞ்சிக் கிளைமொழிக்கு 31 எழுத்துகள் கொண்ட உரோமன் நெடுங்கணக்கை அமைத்தார். துருக்கி நெடுங்கணக்கை ஒட்டியே அது அமைந்தது. எனினும் துருக்கி மொழியில் இல்லாத க்யூ, டபிள்யூ, எக்ஸ் என்னும் மூன்றும் அதில் இடம்பெற்றன. இவை அணிகலன்கள் அல்ல. க்யூ என்பது உள்நாக்கு அடைப்பொலி; கடைநாக்குக் ககரத்தினின்று பொருள் வேறுபடுத்தும் தனி ஒலியன். துருக்கியிலோ சட்டப்படியான எழுத்துகள் இருபத்தொன்பதே. புத்தாண்டு விழாவின் பெயரைக் குர்து மக்கள் டபிள்யூ இட்டு எழுதுவர். அரசு 'வி' இட்டு எழுதும். (தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டவியலாது.) ஆங்கிலப் பெயர் தாங்கிய 'ஷோ' தொலைக்காட்சி டபிள்யூவை நாள்தோறும் திரையில் காட்டி வந்தபோது எழுத்துச் சட்டம் உறங்கியது, குர்து அழைப்பிதழ்களிலும் பெயர்களிலும் அதே எழுத்தைக் கண்டபோது விழித்தது.

2003இல் குழந்தைகளுக்குப் பெயரிடும் விதிகள் தளர்த்தப்பட்டன. உடனேயே உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கை, பெயர்கள் துருக்கி நெடுங்கணக்கின் எழுத்துகளாலேயே அமைதல் வேண்டும் என்றது. கெமால் தாஷ்கின் முதலானோர் தொடுத்த வழக்கில் 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஒலிப்புக்கு நெருங்கிய துருக்கி எழுத்துகளால் அப்பெயர்களை எழுதவியலும் என்பதைக் கருதி, உரிமை மீறல் இல்லை என முடிவு கூறியது. ஆட்சி எழுத்தை வரையறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை ஏற்கலாம். ஆயின் இரு ஒலியன்களை ஓரெழுத்தில் அடக்குவதை எழுத்துப்பெயர்ப்பு என்பது ஒலியனியலுக்கு ஒவ்வாது. இத்தீர்ப்பைச் சட்டத்துறையினர் விவாதித்த அளவு மொழியியலார் விவாதிக்காதது நம் துறையின் குறையே.

தடை எழுத்தோடு நிற்கவில்லை. 1959இல் முசா அந்தெர் தியார்பகிரின் நாளிதழ் ஒன்றில், பயிரை அழிக்கும் பூச்சியின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஒரு குர்துக் கவிதையை வெளியிட்டமைக்காகக் குற்றஞ்சாட்டப்பெற்றார். 1992இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991 ஏப்ரலில் 2932ஆம் எண் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய சட்டமே பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் என்பது குறிப்பிடத்தக்கது; அதன் 8ஆம் பிரிவு 'பிரிவினைப் பரப்புரை'யைக் குற்றமாக்கியது. குற்றம் மொழியிலிருந்து பொருளுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். துருக்கி மொழியிலேயே எழுதிய நாவலாசிரியர் யாஷார் கெமால், குர்து மக்கள் நிலை பற்றி 1995இல் ஜெர்மானிய இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைக்காக விசாரிக்கப்பெற்றார். 1984 முதல் நிகழ்ந்த ஆயுதப் போராட்டத்தை அரசு காரணமாகக் காட்டும். அந்தெரின் கவிதை அதற்குக் கால் நூற்றாண்டு முற்பட்டது.

பின்னைய தளர்வுகளை மறைத்தல் முறையன்று. 2009 சனவரி முதல் நாள் அரசே குர்துத் தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்கியது. 2012இல் பள்ளிகளில் விருப்பப்பாடமாகக் குர்து இடம்பெற்றது. ஆனால் அப்பாடத்தின் பெயர் 'வாழும் மொழிகளும் கிளைமொழிகளும்' என்பது. 1983இல் தடையில் சுட்டப்பெறாத பெயர் இசைவிலும் சுட்டப்பெறவில்லை. 2014இல் எழுத்துச் சட்டத்தை மீறுவதற்கான தண்டனைப் பிரிவு நீக்கப்பட்டது. எழுத்துச் சட்டமோ அரசியலமைப்பின் 174ஆம் பிரிவின் காப்பில் நிற்கிறது. தாய்மொழியாகத் துருக்கியன்றிப் பிற மொழி கற்பித்தல் கூடாது என்னும் 42ஆம் பிரிவும் அவ்வாறே. 2016இல் நெருக்கடிநிலை ஆணைகளால் குர்து நாளிதழும், இஸ்தான்புல் குர்து நிறுவனமும் மூடப்பட்டன. குழந்தைகளுக்கான கேலிச்சித்திரங்களைக் குர்து மொழியில் காட்டிய தொலைக்காட்சியும் மூடப்பட்டுப் பின்னர் இசைவு பெற்றது.

இந்நிலையைத் தோவே ஸ்குட்னாப்-காங்காஸ் முதலானோர் 'மொழிக்கொலை' எனக் குறித்தனர். அச்சொல்லின் அறச்சீற்றம் நியாயமானது. விளக்கும் ஆற்றல் போதாது. குர்து மொழி இறக்கவில்லை. அதன் பயன்பாட்டுக் களங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பெற்று, இல்லம் மட்டும் எஞ்சியது. எழுத்து வழக்கு திமிஷ்குவிலும் சுவீடனிலும் வளர்ந்தது. 1977 முதல் சுவீடனில் வாழ்ந்த மெஹ்மெத் உசுன், வீட்டுமொழியாகவே எஞ்சியிருந்த ஒன்றைக் கொண்டு நாவல்கள் படைத்தார். பேசுவோர் ஒரு நாட்டிலும் திட்டமிடுவோர் மற்றொரு நாட்டிலும் இருக்கும்போது உருவாகும் பொதுமொழி எக்கிளைமொழியைச் சாரும், புதுச்சொற்கள் உள்நாட்டுப் பேசுவோரைச் சென்றடைவது எங்ஙனம், சசாக்கி பேசுவோர் அதில் எங்கு நிற்பர் என்பன கொலை என்னும் உருவகத்துள் அடங்காத வினாக்கள். நம் பாடத்திட்டத்தில் 1353ஆம் எண் சட்டத்தை அடுத்து 2932ஆம் எண் சட்டத்தையும் வைத்துப் பயிற்றினால், மாணவர் இவ்வினாக்களைத் தாமே எழுப்புவர்.