செத்த ஆசிரியனும் சாகாத உரிமையாளனும்: பழைய சாகச விளையாட்டுகளின் மறுவருகை குறித்து

ஆசிரியன் செத்துவிட்டான் என்பதை நாம் பேசித் தீர்த்து வெகுகாலமாயிற்று. 1967இல் ரோலான் பார்த் எழுதிய சின்னக் கட்டுரை தமிழுக்கு வந்து சேர்ந்தபோது இங்கே ஒரு வீட்டில் இழவு, பக்கத்து வீட்டில் கொண்டாட்டம். பிரதி இனி வாசகனுடையது என்றோம். வாசகன் பிறந்துவிட்டான் என்று சர்க்கரை வழங்கினோம். பிறந்த பிள்ளை என்ன ஆனான், என்ன குணத்தோடு வளர்ந்தான் என்று அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. பார்க்க வேண்டுமானால் இலக்கியத்துக்குக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். கணினி விளையாட்டு ரசிகர்கள் நடுவே அவன் வாட்டசாட்டமாக வளர்ந்து நிற்கிறான்.

'விளையாட்டா? சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாயிற்றே' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். நான் பேசவிருப்பது சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளைப் பற்றியல்ல. சாகச விளையாட்டு என்றொரு வகை 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் செழித்திருந்தது. அதில் வேகத்துக்கு வேலையில்லை. திரையில் ஒரு காட்சி இருக்கும். அதற்குக் கீழே 'திற', 'மூடு', 'எடு', 'கொடு', 'தள்ளு', 'இழு', 'பேசு' என்று வினைச்சொற்களின் பட்டியல் இருக்கும். ஒரு வினையையும் ஒரு பெயரையும் தொட்டுச் சேர்த்தால் வாக்கியம். வாக்கியம் சரியாக அமைந்தால் கதை நகரும். அமையாவிட்டால் இரண்டு நாளானாலும் அதே அறையில் கிடக்க வேண்டியதுதான். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இதைப் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும்: விளையாடுகிறவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது ஏவல் வினைமுற்று. வாசகன் பிரதியை எழுதுகிறான் என்று நாம் உருவகமாகச் சொன்னதை இந்த விளையாட்டுகள் அப்படியே நேர்ப்பொருளில் செய்துகாட்டின.

இந்த வகையின் உச்சமாகப் பலரும் சொல்வது 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ஆகியோர் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் இருந்தபடி உருவாக்கி 1990இல் வெளிவந்தது. கடற்கொள்ளைக்காரனாக ஆசைப்படும் கைபிரஷ் த்ரீப்வுட் என்ற அசட்டு இளைஞனின் கதை. இதில் வாள்சண்டையை ஜெயிப்பது வாளால் அல்ல, வசையால். எதிராளி ஒரு வசை சொன்னால் அதற்குப் பொருந்தும் எதிர்வசை சொல்ல வேண்டும். நம்மூர் எசப்பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்றுத் தோற்றுத்தான் எதிர்வசைகளைப் பொறுக்கிச் சேர்க்க முடியும். கடைசியில் வாள்வித்தைத் தலைவியிடம் போனால் அவள் வேறு வசைகளை வீசுவாள். கற்ற பழைய பதில்களையே புதிய இடத்தில் பொருத்திச் சொல்லத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். மறுவாசிப்புக்கு இதைவிட நல்ல பாலபாடம் கிடைப்பது அரிது.

1991இல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் முடிவில் நாயகனும் அவனுடைய பேய் எதிரியும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் நிற்கும் இரண்டு சிறுவர்களாகிவிடுகிறார்கள். என்ன அர்த்தம்? சொல்லாமலே கில்பர்ட் 1992இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1997, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் மற்றவர்கள் தொடர்ச்சிகள் செய்தார்கள். ரசிகர்கள் விளையாடினார்கள், ரசித்தார்கள், ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. 'ரகசியம் கில்பர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்' என்பது கிட்டத்தட்ட மதக்கோட்பாடு போலாகிவிட்டது. அர்த்தத்தின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு மறைந்துபோன ஆசிரியன். ஒருநாள் திரும்பிவந்து கதவைத் திறப்பான் என்று காத்திருக்கும் வாசகக் கூட்டம். பார்த் இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆசிரியர் திரும்பியும் வந்தார். தம்முடைய டெரிபிள் டாய்பாக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' விளையாட்டைச் செய்துகொண்டிருப்பதாக 2022 ஏப்ரலில் அறிவித்தார். ஒரே ஆரவாரம். காட்சிகள் வெளியானதும் ஆரவாரம் வசையாக மாறிவிட்டது. காரணம் ஓவியம். ரெக்ஸ் க்ரௌல் இயக்கிய ஓவியப்பாணி கோணல்மாணலாக, வெட்டி ஒட்டிய காகிதம் போல இருந்தது. ரசிகர்கள் எதிர்பார்த்ததோ பழைய சதுரப்புள்ளிச் சித்திரம். கில்பர்ட் 2013இல், இன்னொரு மங்கி ஐலண்ட் செய்தால் எப்படிச் செய்வேன் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தார். அதில் பழைய தாழ்தெளிவுப் பாணியைச் சற்று மெருகேற்றிப் பயன்படுத்துவேன் என்றும் இருந்தது. அதை எடுத்து நீட்டினார்கள்: 'நீரே சொன்னீரே அய்யா, இப்போது என்ன?' தனிப்பட்ட தாக்குதல்கள் தொடர்ந்தபோது, இந்த விளையாட்டைப் பற்றி இனி எழுதப் போவதில்லை என்று கில்பர்ட் ஒதுங்கிக்கொண்டார். வசையைக் கலையாகச் சொல்லித்தந்த விளையாட்டின் ரசிகர்களுக்கு வெறும் வசைதான் கைவந்திருக்கிறது.

ஃபூக்கோ ஒரு விஷயம் சொன்னார்: தண்டிக்கப்படக்கூடியவனாக ஆனபோதுதான் பிரதிக்கு ஆசிரியன் என்று ஒருவன் தேவைப்பட்டான். அது இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ரசிகனுக்கு ஆசிரியன் தேவைப்பட்டது அர்த்தத்துக்காக என்று நினைத்தோம். வந்து நின்றபின் பார்த்தால், கூண்டில் ஏற்ற ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. சாட்சியும் ஆசிரியனின் பழைய வாக்குமூலமே.

சரி, ரசிகர்கள் காக்க நினைத்த அந்த 'மூலம்' எது? முதலில் வந்த வடிவம் 16 வண்ணங்களில் இருந்தது. விரைவிலேயே 256 வண்ணங்களில் இன்னொரு வடிவம் வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பின்னணிகளைத் தாளில் தீட்டி ஸ்கேன் செய்தார்கள். 1997இல் கார்ட்டூன், 2000த்தில் முப்பரிமாணம். ஆக, புள்ளி என்பது யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்துகொண்ட அழகியலல்ல, அன்றைய கருவி விதித்த எல்லை. கருவி நகர நகர இவர்களும் நகர்ந்திருக்கிறார்கள். பதிப்புத்துறைக்காரர்கள் பாடபேதம் என்பார்களே, அதுதான் இங்கே மூலம். 2009இல் லூகாஸ்ஆர்ட்ஸ் முதல் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது கணினியில் எஃப்10 விசையைத் தட்டினால் புதிய ஓவியம் மறைந்து பழையது வரும், மறுபடி தட்டினால் புதியது வரும். உரைவேறுபாட்டை அடிக்குறிப்பில் தள்ளாமல் வாசகனின் விரல்நுனியில் வைத்த அருமையான பதிப்பு என்பேன்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. படத்தைப் பார்த்து இத்தனை கூச்சல் போட்டவர்களில் அதிகம் பேர் இலக்கணம் மாறியதைப் பொருட்படுத்தவில்லை. 2022 விளையாட்டில் வினைச்சொற்களின் பட்டியல் இல்லை. ஒரு பொருளைச் சுட்டினால், அதைப் பற்றிக் கைபிரஷ் மனதில் என்ன ஓடுகிறதோ அது ஒரு சிறு தொடராகத் தோன்றுகிறது. ஏவல் போய்த் தன்மை வந்துவிட்டது. முன்பு 'கதவைத் திற' என்று ஆணையிட்டவர் விளையாடுகிறவர். இப்போது பாத்திரமே யோசித்து வைத்திருப்பதற்குத் தலையாட்டுகிறார். இது சின்ன மாற்றமல்ல. தப்பான வாக்கியங்களை எழுதி எழுதி வேடிக்கை பார்க்கும் சுதந்திரம் அதில் குறைந்துபோனது. வாசகனின் உரிமை பற்றிச் சண்டை போட வேண்டிய இடம் அதுதான். போட்ட சண்டை மூக்கின் நீளத்தைப் பற்றி.

விளையாட்டு 2022 செப்டம்பர் 19 அன்று வந்தது. இரண்டாம் பாகத்தின் பூங்காவிலிருந்தே தொடங்குகிறது. கைபிரஷ் தன் மகனுக்குக் கதை சொல்கிறான். கடைசியில் ரகசியப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பொருட்காட்சியில் விற்கிற மாதிரி ஒரு டி-ஷர்ட். அப்படியானால் உண்மையான ரகசியம் என்ன என்று மகன் கேட்கிறான். பதில்கள் திரையில் வரிசையாக வருகின்றன, எதைச் சொல்வது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களிடம் சாவியைக் கொடுத்து, 'நீங்களே சொல்லுங்கள்' என்கிறார் கில்பர்ட். பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்து 'அட, நான் செத்துட்டேன்ப்பா' என்கிற பிணம். இந்த முடிவை நெகிழ்ந்து ஏற்றவர்கள் நிறையப் பேர். ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தவர்களும் உண்டு. சுதந்திரம் கையில் வந்து விழுந்தபோது அவர்களுக்கு அது ஏமாற்றமாகத் தெரிந்திருக்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து ரசிகன் என்பவன் முட்டாள் என்று நான் முடித்துவிட்டால் அது மேட்டிமைத்தனம். அவன் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2004இல் 'சாம் அண்ட் மேக்ஸ்' விளையாட்டின் புதிய பாகத்தை, வேலை நடந்துகொண்டிருந்தபோதே, லூகாஸ்ஆர்ட்ஸ் கைவிட்டது. வெளியேறியவர்கள் சிலர் அதே ஆண்டில் டெல்டேல் நிறுவனத்தைத் தொடங்கி அந்தப் பாத்திரங்களுக்கு உயிர்கொடுத்தார்கள். அதுவும் 2018இல் சரிந்தது. 'கிங்ஸ் க்வெஸ்ட்' தொடரின் ரசிகர்கள் கூலி வாங்காமல் ஒரு தொடர்ச்சியைச் செய்துகொண்டிருந்தபோது 2005இல் ஒரு உரிமையாளர் நிறுத்தச் சொன்னார். ரசிகர்கள் போராடி அனுமதி வாங்கினார்கள். உரிமை கைமாறியதும் 2010இல் அடுத்த உரிமையாளர் மறுபடி நிறுத்தச் சொன்னார், பிறகு மறுபடி இளகினார். 2012இல் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் புதிய சாகச விளையாட்டுக்காக 4 லட்சம் டாலர் கேட்டபோது 87,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கேட்டதைப் போல எட்டு மடங்கு! இந்த வகை செத்துவிட்டது, வாங்க ஆளில்லை என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காசாகவே கொடுத்த பதில் அது. இப்படிக் காத்தும் கொடுத்தும் வந்தவர்களுக்குப் பிரதியின் மேல் ஒரு பாத்தியதை உணர்வு வருவது இயல்பு.

ஆனால் அந்தப் பாத்தியதையை யாரிடம் கோருகிறார்கள்? இங்கேதான் என் வாதத்தின் முடிச்சு. கில்பர்ட்டின் 2013 பட்டியலைத் திரும்பவும் பாருங்கள். அதில் ஓவியப்பாணி பற்றிய வரி மட்டுமா இருந்தது? உரிமை தன் கைக்கு வந்தால்தான் இன்னொரு மங்கி ஐலண்ட் செய்வேன், மற்றவர்களுக்குச் சொந்தமாகப்போவதை உண்டாக்குவதிலேயே வாழ்க்கை போய்விட்டது என்ற பொருளிலும் அவர் எழுதியிருந்தார். 2012இல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கிக்கொண்டது. 2013இல் லூகாஸ்ஆர்ட்ஸின் விளையாட்டுத் தயாரிப்பு மூடப்பட்டது. என் விளையாட்டுகளை எனக்கே விற்றுவிடுங்கள் என்று 2016இல் கில்பர்ட் டிஸ்னியைப் பகிரங்கமாகக் கேட்டுப் பார்த்தார். விற்கவில்லை. 2022இல் அவர் தம் சொந்தப் பாத்திரங்களை உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்தினார். அதாவது அந்தப் பட்டியலில் மீறப்பட்டவை இரண்டு. ஓவியம் பற்றியதற்காக அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். உரிமை பற்றியது நான் வாசித்த ரசிகர் வாதங்களில் அபூர்வமாகவே வந்தது. முதலாவதில் குற்றம் சாட்ட ஒரு முகம் இருந்தது. இரண்டாவதில் இருந்தது ஒரு சட்டத்துறை. முகமில்லாததை யாரும் திட்டுவதில்லை.

ஆசிரியனைக் கொன்ற நாம் கோட்டைவிட்டதும் இதைத்தான். ஆசிரியன் செத்தால் பிரதி நேராக வாசகன் கைக்கு வந்துவிடும் என்று நம்பினோம். நடுவே உரிமையாளன் நிற்கிறான். அவனுக்கு அர்த்தம் பற்றிக் கவலையில்லை, ரகசியம் பற்றி ஆர்வமில்லை, அதனாலேயே அவனுக்குச் சாவுமில்லை. ஆசிரியனும் வாசகனும் கட்டிப் புரள்வதை அவன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேறு மாதிரியான வாசகர்களும் இருக்கிறார்கள். 2001இல் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளைச் சிலர் தொடங்கினார்கள். பழைய கணினிகள் மறைந்துவிட்டபின் இந்த விளையாட்டுகளைப் புதிய கருவிகளில் ஓடவைப்பது அதன் வேலை. சம்பளமில்லை. பழைய நிரல் எப்படி இயங்கியது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு விளையாட்டாக இயக்கிக் காட்டினார்கள். இன்று கடையில் விற்கிற பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்குள்ளேயே இந்த மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1998இல் வந்த 'கிரிம் ஃபண்டாங்கோ'வில் பாத்திரத்தை நடத்திச் செல்வது பெரிய இம்சை. சுட்டியால் சொடுக்கி நடத்தும் வசதியை ஒரு ரசிகர் தாமே செய்து சேர்த்தார். 2015இல் டபுள் ஃபைன் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது அவர் செய்ததை அடிப்படையாகக் கொண்ட வசதியும் உள்ளே இருந்தது. இவர்கள் ஆசிரியனிடம் கணக்குக் கேட்கவில்லை. உரிமையாளனின் தயவுக்காகக் கைகட்டி நிற்கவுமில்லை. பிரதியைத் திறந்து உள்ளே போய் வேலை செய்தார்கள். வாசகன் பிறந்துவிட்டான் என்று சொல்ல எனக்குக் கிடைக்கும் நம்பகமான அத்தாட்சி இதுதான்.

முதல் மங்கி ஐலண்டில் நாயகன் சாவதே இல்லை என்பார்கள். விளையாடுகிறவரை அநியாயமாகச் சாகடிக்கக் கூடாது என்று கில்பர்ட் 1989இலேயே எழுதியவர். ஆனாலும் சாக ஒரு வழி வைத்திருந்தார்கள். கைபிரஷைச் சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். அவனால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும். பத்து நிமிடமும் எந்த வாக்கியத்தையும் எழுதாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அவன் செத்துப்போவான். புதிய ஓவியமோ கோணல் மூக்கோ இந்தப் பிரதிகளைக் கொன்றுவிடாது. வாசகன் வினையை விட்டுவிட்டுப் பாத்தியதையை மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது.