பாழின் அழகும் பாழ்செய்தோரும்: டெற்றோயிற் நகரப் புகைப்படங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

பாழடைந்த கட்டடங்களைக் கண்டு வியத்தலும் அவற்றைக் கலைப்பொருளாக்குதலும் நம் காலத்துக்கே உரியனவல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்கள் தம் பூங்காக்களிலே செயற்கையான இடிபாடுகளைக் கட்டுவித்து அவற்றருகே உலாவினர். பிரெஞ்சு ஓவியரான யூபேர் றொபேர், நன்னிலையில் நின்ற லூவர் மாளிகையின் பெருங்கூடத்தைக் கூரையிழந்த பாழாகக் கற்பனைசெய்து 1796ஆம் ஆண்டிலே தீட்டினார். இன்றைய புகைப்படக்காரருக்குக் கற்பனை வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்து டெற்றோயிற் நகரின் மத்தியிலே, இருபதாம் நூற்றாண்டின் முற்கூற்றில் எழுந்த வானளாவிகளும் அரங்குகளும் விடுதிகளும் பல தசாப்தங்கள் வெறுமையாகக் கிடந்தன. கமராவோடு அவற்றினுள்ளே நுழைவது ஒரு பொழுதுபோக்காகவும், பின்னர் ஒரு கலைவகையாகவும் வளர்ந்தது. இக்கலைவகை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

2010ஆம் ஆண்டிலே இந்நகர் பற்றி மூன்று புகைப்பட நூல்கள் வெளிவந்தன. இவ் மார்ஷாண், றொமெய்ன் மெஃப்ர் என்னும் இளம் பிரெஞ்சுக்காரர் இருவரின் ‘டெற்றோயிற்றின் இடிபாடுகள்’ ஒன்று. அமெரிக்கரான அன்ட்று மூரின் ‘பிரிக்கப்பட்ட டெற்றோயிற்’ மற்றொன்று. மூன்றாவது, உள்ளூர்ப் பத்திரிகையாளரான டான் ஒஸ்ரின் எழுத, ஷோன் டோர் படம்பிடித்த ‘இழந்த டெற்றோயிற்’. முதலிரண்டுமே உலகப் புகழ் பெற்றன. அவற்றின் கலைத்திறனை மறுப்பது நேர்மையாகாது. பிறொடறிக் கோபுரத்தின் பதினெட்டாம் மாடியிலே, ஓர் பல்வைத்தியரின் நாற்காலியும் கருவிகளும் அவர் எழுந்துசென்ற நிலையிலேயே கிடப்பதை மார்ஷாணும் மெஃப்ரும் எடுத்த படமொன்று காட்டுகிறது. பழைய காஸ் தொழினுட்பப் பாடசாலையின் சுவரிலே உருகி வழிந்த மணிக்கூட்டு முகத்தை மூர் படமாக்கியுள்ளார். பார்த்த மாத்திரத்தில் நானும் மெய்ம்மறந்தேன் என்பதை மறைப்பானேன்? அந்த மெய்ம்மறதிதான் விசாரணைக்குரியது.

இப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மனிதர் இல்லை. உரிந்த வர்ணம், சிதறிய ஏடுகள், தரையிலே முளைத்த பாசி, மேலிருந்து விழும் வெளிச்சம் என்பனவே உள்ளன. இவற்றைத் தொடர்ந்து நோக்குவோர் மனத்திலே, இந்நகரைப் பாழ்செய்தது காலமே என்ற எண்ணம் இயல்பாகவே உருவாகும். மழையும் பனியும் செடியும் இங்கு வினைமுதல்களாகிவிடுகின்றன. உண்மை வேறு. 1950ஆம் ஆண்டிலே டெற்றோயிற்றில் 1,849,568 மக்கள் வாழ்ந்தனர். இந்நூல்கள் வெளிவந்த 2010இலே 713,777 பேர் எஞ்சினர். இவ்வெஞ்சியோரிற் பத்திலே எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். இவ்வளவு மக்களும் படங்களில் எங்கே போயினர்? வரலாற்றாசிரியரான தோமஸ் சக்றூ 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1947க்கும் 1963க்கும் இடையிலேயே இந்நகர் 134,000 உற்பத்தித்துறைத் தொழில்களை இழந்துவிட்டது. 1967ஆம் ஆண்டுக் கலவரமே நகரைக் கெடுத்தது என்று கூறுவோர் இவ்வாண்டுகளை மனங்கொள்ளல் வேண்டும். தொழிற்சங்கம் வலுவாக இருந்த நகரைவிட்டு மூலதனம் புறநகருக்கும் தென்மாநிலங்களுக்கும் பெயர்ந்தது. வெள்ளையருக்குப் புறநகரிலே வீட்டுக்கடன் கிடைத்தது. கறுப்பருக்கு அது மறுக்கப்பட்டது. இவற்றுள் எதுவும் மழையின் செயலன்று.

இவ்வகையிலே நகர மத்தியின் மிச்சிக்கன் தியேட்டர் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். 1926இலே திறக்கப்பட்டபோது ஏறத்தாழ நாலாயிரம் பேர் அமரக்கூடிய மாளிகை அது. ஹென்றி ஃபோர்ட் 1896இலே தமது முதலாவது மோட்டார் வண்டியைச் செய்த சிறு பட்டறை அந்நிலத்திலேதான் இருந்தது. அரங்கு நட்டமடைந்து மூடப்பட்ட பின், அதனோடு ஒட்டிய அலுவலகக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோர் வாகனம் நிறுத்த இடம் வேண்டினர். அரங்கை இடித்தால் அலுவலகக் கட்டடமும் ஆட்டங்காணும் என்பதால், 1977ஆம் ஆண்டிலே இருக்கைகளை அகற்றி உள்ளேயே வாகனத் தரிப்பிடத் தளங்களை அமைத்தனர். பொன்வேலைப்பாடமைந்த விதானம் மேலே சிதைந்து தொங்க, கீழே கார்கள் நிற்கும் காட்சியை எத்தனையோ கமராக்கள் பதிவுசெய்துள்ளன.

இப்படத்தை நோக்குவோர் வழக்கமாகக் காண்பது ஒரு விசித்திர முரண். ஆனால் இங்கு பாழே இல்லை என்பதுதான் என் கருத்து. அக்கட்டடம் கைவிடப்படவில்லை; வருமானம் தரும் உடைமையாகவே இயங்கியது. பட்டறை அரங்காயிற்று, அரங்கு தரிப்பிடமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஒரு கணக்கு இருந்தது. நின்ற இடத்திலேயே கரைந்து போவதாகத் தோன்றும் ஏனைய கட்டடங்களுக்கும் அவ்வாறே ஓர் உடைமையாளர் உண்டு. இடிப்பதற்குச் செலவு, திருத்துவதற்கு அதிலும் செலவு. ஆதலின் நிலவிலை ஏறும்வரை பூட்டிவைத்தலே இலாபம். பாழ் என நாம் காண்பது பல வேளைகளிலே காத்திருக்கும் மூலதனமே. இவ்வுண்மை தற்செயலாகவேனும் கண்ணுக்குப் புலப்படுவதனாலேயே, நூற்றுக்கணக்கான பாசிப் படங்களைவிட மிச்சிக்கன் தியேட்டர்ப் படம் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்திலே பட்டினப்பாலை நினைவுக்கு வருதல் இயல்பு. கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வருணிக்கும் பகுதி பாழின் காட்சிகளால் நிறைந்தது. வழிபோக்கர் தங்கிய பொதியிலின் தூண்களிலே யானைகள் உடம்பு தேய்த்து வாழ்கின்றன. கொள்ளைபோன நெற்கூடுகளிலே பட்டப்பகலிற் கூகை அலறுகிறது. எந்தக் கமராவும் பொறாமைகொள்ளத்தக்க நுணுக்கம் அது. புலவர் வென்ற மன்னனின் பரிசிலை நாடிப் பாடுகிறார் என்பதில் ஐயமில்லை; அவ்வருணனையிலே பகைநாட்டு உழவருக்காகக் கண்ணீர் இல்லை. ஆயினும் அழிவுக்கு ஓர் எழுவாய் உண்டு. யார் அழித்தார் என்பதை மறைக்கவேண்டிய தேவை அச்சமுதாயத்திலே ஆளும் வர்க்கத்துக்கு இருக்கவில்லை. அதுவே அதன் பெருமையாய் இருந்தது. இன்றைய ஆளும் வர்க்கம் அழிவை உரிமைகோருவதில்லை. எனவே அதன் காலத்துக் கலையிலே பாழ் எழுவாயில்லா வாக்கியமாகிவிடுகிறது.

இதனைக்கொண்டு இப்படங்கள் யாவும் பிற்போக்கானவை என முடிவுகட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ‘இடிபாட்டு ஆபாசம்’ என்ற வசை டெற்றோயிற்றிலே பெரிதும் வழங்கியது. வசை விமர்சனமாகாது. நம்மவருள்ளும் உள்ளடக்கத்தைத் தராசிலிட்டவுடன் வேலை முடிந்ததெனக் கருதுவோர் உளர். சிலி நாட்டிற் பிறந்து, சமூகவியல் பயின்று, 1970கள் முதல் அமெரிக்க நகரங்களைப் படம்பிடித்துவரும் கமிலோ ஹொஸே வெர்கறாவை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரே தெருமுனைக்கு ஆண்டுதோறும் மீண்டும் சென்று அதே கோணத்திற் படமெடுப்பவர். தனிப்படம் தராத ஒன்றை அவ்வரிசை தருகிறது: கடை மூடப்படுகிறது, பலகை அறையப்படுகிறது, வெற்றுநிலமாகிறது. பாழ் ஒரு நிலையாகவன்றி நிகழ்வாகத் தெரிகிறது. அவரும் இடறியதுண்டு. டெற்றோயிற் நகர மத்தியின் பழைய வானளாவிகள் சிலவற்றை ஓர் அமெரிக்க அக்றொப்பொலிஸாக, இடிபாடுகளாகவே விட்டுவைக்கலாம் என 1995இலே அவர் முன்மொழிந்தார். நகரத்தவர் சினந்தனர். அதிலே வியப்பில்லை, அக்றொப்பொலிஸின் நிழலிலே வேலை தேடி நின்றவர்கள் அவர்கள். ஒஸ்ரின், டோர் நூலின் படங்கள் பிரெஞ்சுக்காரரின் படங்களுக்கு நிகரல்ல. எனினும் ஒவ்வொரு கட்டடத்தையும் யார் கட்டினர், யார் அங்கு சென்றனர், எப்போது ஏன் மூடப்பட்டது என்பவற்றை அந்நூல் சொல்லுகிறது. அழகு குறைந்த அந்நூலையே நான் மாணவரிடம் முதலிற் கொடுப்பேன்.

படத்தின் கீழே யார் குறிப்பெழுதுகிறார் என்பது நமக்கும் அந்நியமான வினாவன்று. கிளிநொச்சியிலே வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கி போரின் பின் சில ஆண்டுகள் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டிருந்தது. தெற்கிலிருந்து வந்தோர் அதன்முன் நின்று படமெடுத்தனர். அங்கிருந்த விளக்கப் பலகையின் வாசகம் வென்ற தரப்பினுடையதாகவே இருந்தது. அயலிலே தண்ணீருக்கு அலைந்தவர்களின் வாசகம் எந்தப் பலகையிலும் இருக்கவில்லை.

டெற்றோயிற்றில் இக்கலைவகையின் காலம் இப்போது பெருமளவு முடிந்துவிட்டது. 2013 ஜூலையிலே நகராட்சி வங்குறோத்து மனுச் செய்தது; ஓய்வூதியர்களின் கொடுப்பனவு வெட்டப்பட்டது. அதனையடுத்து நகர மத்தியின் வெற்றுக் கட்டடங்கள் விரைவாகக் கைமாறித் திருத்தப்பட்டன. பல்வைத்தியரின் நாற்காலி கிடந்த பிறொடறிக் கோபுரம் 2012இலேயே வாடகைக் குடியிருப்பாகியிருந்தது. நகர மத்திக்குச் சற்று மேற்கே, 1913இலே திறந்து 1988இலே மூடப்பட்டு, எல்லாப் புகைப்படக்காரருக்கும் யாத்திரைத் தலமாக இருந்த மிச்சிக்கன் மத்திய புகையிரத நிலையத்தை 2018இலே ஃபோர்ட் நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனிலே திறந்தது. இப்போது அங்கு புகையிரதம் வருவதில்லை. வேலைப்பாடு மிக்க கல்லும் ஓடும் பழையபடி பொருத்தப்பட்டுள்ளன. பாழாய்க் கிடந்த காலத்திலே உள்ளே நுழைந்தோர் சுவர்களிற் கிறுக்கிய எழுத்துக்களிலும் சிலவற்றை அழிக்காமற் பேணியிருக்கிறார்கள்.