கைக்கு நாலு

147573952589676412927. விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். 21 இலக்கம்! இரண்டை 67 தடவை அடுக்கிப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. இரும எண்ணாக எழுதினால் நடுவே ஒரு சுழிகூட இல்லாமல் வரிசையாக 67 ஒன்றுகள். இந்த எண்ணின்மேல் எனக்குப் பைத்தியம். மறைக்க என்ன இருக்கிறது?

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று எழுதிவிட்டுப் போனார். 1876-ல் லூக்கா என்பவர், இல்லை, இது பகு எண்தான் என்று நிரூபித்தார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது. இப்போது நினைத்துப் பாருங்கள்: 1903 அக்டோபர் 31, நியூயார்க், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து வருகிறார். வாயே திறக்கவில்லையாம். கரும்பலகையின் ஒரு பக்கம் இரண்டின் அடுக்கைப் போட்டு ஒன்றைக் கழிக்கிறார். மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதிக் கையாலேயே பெருக்குகிறார். இரண்டு விடையும் ஒன்று! பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார், அரங்கமே கைதட்டியது என்பார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

படித்த ராத்திரியே கணக்கு நோட்டை எடுத்துவிட்டேன். கணினி கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும், சொல்லட்டும், எனக்கு என் கையால் வேண்டும்! நோட்டின் அகலம் போதவில்லை, அது ஒன்றுதான் குறை, திருப்பிக் குறுக்காக வைத்துக்கொண்டேன். ஏழேழு நாற்பத்தொன்பது, ஒன்பது போட்டுக் கைக்கு நாலு. ஏழெட்டு ஐம்பத்தாறு, நாலும் சேர்ந்து அறுபது, சுழி போட்டுக் கைக்கு ஆறு… சின்னக் காரணியில் மூன்று ஏழு இருப்பதால் 5332867801009 என்ற ஒரே வரியை இடம் தள்ளித் தள்ளி மூன்று தடவை எழுதலாம், அந்தச் சலுகைக்கே துள்ளிக் குதித்தேன்! எட்டு வரியும் படிக்கட்டு மாதிரி இறங்கி நிற்க, அடியில் கோடு கிழித்து, வலது ஓரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தால், ஏழு வருகிறது, இரண்டு வருகிறது, ஒன்பது வருகிறது, மறுபடி இரண்டு, ஒன்று, நாலு, ஐயோ, அதே இலக்கங்கள், அதே வரிசை, நெஞ்சு படபடக்கிறது, பேனா பிடித்த விரல் வியர்த்து வழுக்குகிறது, கடைசியில் இடது ஓரத்தில் அந்த ஒற்றை ‘ஒன்று’ வந்து உட்கார்ந்தபோது, நடுராத்திரி என்பதையும் மறந்து, “வந்துடுச்சு!” என்று கத்திவிட்டேன்.

அதோடு தூக்கம் போச்சு. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன்: சின்னக் காரணிக்கு 37, பெரியதற்கு 64, பெருக்குத்தொகைக்கு 109. மூன்றையும் மறுபடி கூட்டுங்கள், மூன்றும் பத்து! அப்புறம் இன்னொன்று: இந்த எண்ணின் எந்தக் காரணியிலும் ஒன்றைக் கழித்தால் மிச்சம் 67-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 193707720-ஐ வகுத்தேன், 2891160, மீதி சுழி. விடிகிற நேரத்தில் பெரியதையும் வகுத்துவிட்டேன்: 11370720258. மீதி சுழியேதான்!